ஒரு மணி நேரத்தில் வேர்ட்பிரஸ்: நிஜமா, கதையா?

கேள்வி (வாசகர் ஒருவர்): எங்கள் சிற்றிதழின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். நிரல் எழுதத் தெரியாது. இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபால் மூன்றில் எதைப் படிப்பது? யூடியூபில் "ஒரு மணி நேரத்தில் உங்கள் இணையதளம்" என்கிறார்கள். அது நிஜமா, கதையா?

2025 ஜனவரி 8

நிஜம்தான். ஒரு மணி நேரம்கூட வேண்டாம். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை இடம், வாங்கினால் அதை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் வேர்ட்பிரஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் தளம் தயார். "ஐந்து நிமிட நிறுவல்" என்று வேர்ட்பிரஸ்காரர்களே ரொம்ப காலமாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அதிலும் பொய்யில்லை. நிறுவிய மறுநாள் காலையில்தான் வேலை தொடங்கும். அதை எந்த வீடியோவும் காட்டாது.

மூன்றில் எது என்றால் வேர்ட்பிரஸ். மூன்றிலும் உயர்ந்தது என்பதற்காக அல்ல. உலகத்துத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில் ஓடுகின்றன. நீங்கள் நடுராத்திரியில் எங்கே மாட்டிக்கொண்டாலும், உங்களுக்கு முன்னால் யாரோ அதே இடத்தில் மாட்டிக்கொண்டு கேட்டிருப்பார்கள், பதிலும் இருக்கும். தனியாளுக்கு அதுதான் முக்கியம்.

துருபால் பல்கலைக்கழகம், அரசுத்துறை மாதிரி ஆள்பலம் உள்ள இடங்களுக்குச் சரி. 2011-இல் வந்த துருபால் 7-க்கு இந்த மாதம் 5-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. 2015-இல் 8 வந்தபோது அடித்தளத்தையே சிம்ஃபனி என்ற நிரல் கட்டமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் 7-இலிருந்து மேலே போவது ஏறக்குறையத் தளத்தைப் புதிதாகக் கட்டுவதுதான். இதழ் நடத்துகிறவருக்கு அந்த வேலை எதற்கு? 2005-இல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த ஜூம்லா நல்ல மென்பொருள்தான். ஆனால் சந்தேகம் கேட்க உங்கள் ஊரில் ஆள் கிடைப்பது கடினம்.

2025 ஜனவரி 8, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. வேர்ட்பிரஸ் டாட் காம் வேறு, டாட் ஆர்க் வேறு. முதலாவது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, அங்கே போய்க் கணக்குத் தொடங்குவீர்கள். இரண்டாவதில் மென்பொருளை இறக்கி உங்கள் சர்வரில் நிறுவிக்கொள்வீர்கள். நான் இங்கே பேசுவது முழுக்க இரண்டாவதைப் பற்றி.

பிளகின், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரல், எத்தனை போடலாம் என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். ஐந்துக்குள் நிறுத்துங்கள்.

2025 ஜனவரி 12

எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் பக்கமே இன்னும் போகாதீர்கள். உங்கள் தளத்தில் எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ் தளம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கோப்புகள், மற்றது தரவுத்தளம். நீங்கள் எழுதும் கட்டுரை, மறுமொழி, மெனு, தளத்தின் பெயர், கடவுச்சொல் எல்லாம் தரவுத்தளத்தில். ஏற்றிய படம், தீம், பிளகின் எல்லாம் கோப்புகளில், அதிலும் "டபிள்யூபி-கன்டென்ட்" என்ற ஒரே அடைவுக்குள். இந்த இரண்டையும் இணைப்பது "டபிள்யூபி-கான்ஃபிக்" என்ற ஒரு சின்னக் கோப்பு. தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் அதில் வெளிப்படையாக எழுதியிருக்கும். மீதிக் கோப்புகள் எல்லாருக்கும் பொது, எப்போது வேண்டுமானாலும் புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

இது மனத்தில் பதிந்தால் பாதிப் பயம் போய்விடும். "தீம் மாற்றினேன், கட்டுரை எல்லாம் போய்விட்டது" என்று அலறுகிறவர்கள் உண்டு. கட்டுரை எங்கேயும் போகாது, அது தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. புதிய தீமுக்கு அதை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, உலாவிக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும். எதை வேண்டுமானாலும் போட்டு உடைக்கலாம், தாவலை மூடினால் தடயம் இருக்காது. கொஞ்சம் பழகியதும் உங்கள் கணினியையே சர்வராக்கும் சாம்ப் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பிளகின் அடைவின் பெயரை மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு பெயரைத் திருப்பி வையுங்கள். பின்னால் ஒருநாள் இந்தக் கைப்பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

2025 ஜனவரி 19

தீம் எது நல்லது என்று இதற்குள் மூன்று பேர் கேட்டாகிவிட்டது. கூடவே வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போதும். தீம் தேடுவது ஜவுளிக்கடையில் உட்கார்ந்த மாதிரி, பொழுது போய்விடும், வாங்குவது ஒன்றும் இருக்காது.

தமிழுக்கு மட்டும் இரண்டு காரியம் பார்க்க வேண்டும். பல தீம்களில் தலைப்புகளுக்கு எழுத்து இடைவெளியைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் கொம்பும் காலும் பக்கத்து எழுத்தோடு முட்டும். அதைப் பூச்சியம் ஆக்குங்கள். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், 1.7 அல்லது 1.8 வையுங்கள். மேலே இகரச் சுழியும் கீழே உகரமும் இடம் கேட்கும்.

எழுத்துருவுக்கு முன்பெல்லாம் பிளகின் தேட வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 முதல் எழுத்துரு நூலகம் உள்ளேயே வந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், உங்கள் சர்வருக்கே இறங்கிவிடும். என் ஓட்டு முக்தா மலருக்கு. நீண்ட கட்டுரை படிக்கும்போது கண் உறுத்தாது.

இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது காசு கொடுத்து வாங்கும் தீமை ஜிப் கோப்பாகக் கொடுத்தால் தொடாதீர்கள். அதற்குள் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

2025 பிப்ரவரி 2

கட்டுரை முகவரி பற்றி. இது எந்தப் பாடத்திலும் வராது, தமிழ்த் தளம் நடத்துகிறவர் ஒவ்வொருவரும் மோதும் சுவர்.

தலைப்பைத் தமிழில் தட்டினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் வைத்துக்கொள்ளும். உலாவியில் பார்க்க அழகாகத் தமிழில் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள், விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வரும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். முகவரிக்காக மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனிக் குறி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. அதாவது 22 குறி. அதற்கு மேல் வெட்டிவிடும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இதழில் "வாசகர் கடிதங்களும் பதில்களும் 12" என்று இதழ் எண்ணோடு தலைப்பு வரும். கணக்குப் போட்டால் "வாசகர்-கடிதங்களும்-பதில்" என்பதோடு 200 முடிந்துவிடுகிறது. எண் உள்ளே வரவே இல்லை. அடுத்த இதழின் கடிதங்களுக்கும் அதே முகவரி வருவதால் வேர்ட்பிரஸ் கடைசியில் -2 என்று சேர்க்கிறது. அந்த -2-க்கு இடம் பண்ண இன்னொரு குறியை வெட்டுகிறது. "பதில-2" என்று புள்ளி போய் நிற்கிறது. ஆசிரியர் போனில் கேட்டார்: "தம்பி, முகவரியில கூடவா பிழை விடுவாங்க?" மெய்ப்புத் திருத்தியே நாற்பது வருடம் ஓட்டியவர். அவருக்கு பைட் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வழி எளிது. கட்டுரையை வெளியிடும் முன்பே முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் தட்டிவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதை இப்போது மாற்றினாலும் பழைய முகவரியில் வருகிறவரை வேர்ட்பிரஸ் புதியதற்கு அனுப்பிவிடும். ஆனால் ஒட்டுமொத்த பெர்மாலிங்க் அமைப்பை, அதாவது முகவரிகள் எந்த வடிவில் அமையும் என்பதை, மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்து, பிறகு கைவைக்காதீர்கள்.

2025 பிப்ரவரி 3

நாற்பது வருடம் என்று ஆசிரியரைச் சொன்னதற்கு அவரே படித்துவிட்டு "முப்பத்தெட்டு" என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். மெய்ப்பு ஓயாது.

2025 பிப்ரவரி 16

"இலவசமாகக் கொடுக்கிறார்களே, நாளைக்கு மூடிவிட்டுப் போய்விட்டால்?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. வேர்ட்பிரஸ் பிறந்ததே அப்படி ஒரு மூடலில்தான்.

பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. எழுதியவர் மிஷெல் வால்ட்ரிகி. ஒரு கட்டத்தில் அவரிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மாட் முல்லென்வெக் 2003 ஜனவரியில், இதைப் பிரித்தெடுத்துத் தொடரலாமா என்று தன் பக்கத்தில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் நானும் வருகிறேன் என்று கீழே மறுமொழி போட்டார். மே 27-இல் முதல் பதிப்பு வந்துவிட்டது. யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் பி2 இருந்ததால் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, அப்போது கொடிகட்டிப் பறந்த மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருள் தன் 3.0 பதிப்பில் உரிமத்தைக் கட்டணத்தோடு கடுமையாக்கியது. கோபித்துக்கொண்டு கிளம்பியவர்களில் பெரும் கூட்டம் இங்கே வந்து சேர்ந்தது.

அதற்காக இது யார் கையிலும் இல்லாத பொதுச்சொத்து என்று முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். நிரல் ஜிபிஎல், அது உங்களுடையது. ஆனால் பிளகின்களும் அப்டேட்களும் வந்துசேரும் டாட் ஆர்க் தளம் முல்லென்வெக்கின் கையில். 2024 செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தோடு அவருக்குச் சண்டை வந்தது. அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கு டாட் ஆர்க் கதவை அடைத்தார்கள். அங்கே தளம் வைத்திருந்தவர்கள், சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டிலிருந்து பிளகின் அப்டேட் செய்ய முடியாமல் விழித்தார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. எனக்கு வேர்ட்பிரஸ் மேல் இருந்த மதிப்பு குறையவில்லை. ஆனால் பேக்கப் எடுக்கும் பழக்கம் அந்த மாதத்திலிருந்து கூடிவிட்டது.

2025 மார்ச் 3

ஜனவரியில் பிளகின் ஐந்துக்குள் என்று எழுதினேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எதை நீக்குவது என்று பட்டியல் அனுப்புகிறார். எண் கிடக்கட்டும். நன்றாகப் பராமரிக்கப்படும் பன்னிரண்டு இருந்தாலும் தளம் நன்றாக ஓடும், கைவிடப்பட்ட ஒன்று போதும் கவிழ்க்க. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஆதரவுப் பக்கத்தில் கேள்விக்குப் பதில் வருகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். பயன்படுத்தாததை முடக்கி வைக்காமல் நீக்கிவிடுங்கள். முடக்கினாலும் கோப்பு சர்வரில்தான் கிடக்கும், ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையும் அங்கேயேதான்.

கூடவே வரும் ஹலோ டாலி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் இல்லை, டாஷ்போர்டு மூலையில் ஒரு பாட்டு வரியைக் காட்டும். நீக்குவதற்கு முன் அந்தக் கோப்பை மட்டும் திறந்து படியுங்கள். ரொம்பச் சின்னது. பிளகின் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது என்பது நிரல் தெரியாதவருக்கும் அதில் ஓரளவு விளங்கும்.

2025 மார்ச் 9

கவிதை. வரி வரியாக ஏற்றினால் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது என்கிறார் நம் கேள்வியாளர். என்டர் தட்டினால் புதிய பத்தி, ஷிஃப்ட்டோடு என்டர் தட்டினால் புதிய வரி. அதைவிட, எடிட்டரில் வெர்ஸ் என்று ஒரு பிளாக் (உள்ளடக்கத் துண்டு) இருக்கிறது, கவிதைக்காகவே. நீங்கள் விட்ட இடைவெளியை அப்படியே காப்பாற்றும்.

2018 டிசம்பரில் 5.0-வோடு இந்த பிளாக் எடிட்டர் வந்தபோது நானும் ஊரோடு சேர்ந்து திட்டிவிட்டு, கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினேன். கவிதைப் பக்கங்களுக்காகத்தான் திரும்பி வந்தேன். கட்டுரைக்கு இன்னும் எனக்குப் பழையதே பிடிக்கும். புதிதாகக் கற்கிறவர் பழையதைத் தேடிப் போக வேண்டாம்.

2025 மார்ச் 20

வெள்ளைத் திரை. ஹோஸ்டிங்காரர், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 8-க்கு உயர்த்திவிட்டார், தளம் வெறும் வெள்ளையாக நிற்கிறது என்று ஒருவர் பதறி எழுதியிருக்கிறார்.

முதலில் ஒரு தேநீர் குடியுங்கள். பிஎச்பி 7.4-க்கு 2022 நவம்பரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் ஹோஸ்டிங்காரரைத் திட்டிப் பயனில்லை. பழைய தீம்களும் பிளகின்களும் நம்பியிருந்த சில செயற்கூறுகளை 8-இல் எடுத்துவிட்டார்கள், ஏதோ ஒன்று அதில் தடுக்கி விழுந்திருக்கிறது. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல் இப்படி ஆனால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும். ஸ்பேம் பெட்டியிலும் பாருங்கள். வரவில்லையென்றால் ஃபைல் மேனேஜரில் போய் பிளகின் அடைவின் பெயரை மாற்றுங்கள். எல்லா பிளகினும் ஒரே அடியில் தூங்கிவிடும். தளம் எழுந்ததா? பெயரைத் திருப்பி வைத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதில் விழுகிறதோ அதுதான் ஆசாமி. எழவில்லையென்றால் தீம் அடைவில் இதே சோதனை. ஜனவரி 12 குறிப்பில் உடைத்துப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

2025 ஏப்ரல் 6

பேக்கப் எடுக்கிறேன் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: திருப்பி வைத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பதில் வராது.

அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகினைப் போடுகிறார்கள், வாரம் ஒருமுறை என்று வைக்கிறார்கள், கோப்பு அதே சர்வரில் போய் உட்காருகிறது. சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். கூகுள் டிரைவுக்கோ வேறெங்கோ அனுப்புங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தப் பேக்கப்பிலிருந்து உங்கள் கணினியில் தளத்தை முழுதாக எழுப்பிப் பாருங்கள். எழுந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. வேர்ட்பிரஸ் கற்றுக்கொண்டீர்களா என்பதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே தேர்வு இதுதான். தீம் போட்டது, மெனு வைத்தது எல்லாம் கணக்கில் வராது.

இதில் ஒரு பொறி. புது இடத்தில் எழுப்பும்போது டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) மாற்ற வேண்டும். தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் போய் எல்லா இடத்திலும் பழைய பெயரைத் தேடிப் புதியதை வை என்று ஒரே கட்டளையில் முடித்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அமைப்புகள் பலவற்றை வேர்ட்பிரஸ் சீரியலைஸ் செய்து சேமிக்கிறது, அதாவது ஒவ்வொரு சரத்துக்கு முன்னாலும் அதன் நீளம் எத்தனை பைட் என்று எண் எழுதியிருக்கும். டொமைனின் நீளம் மாறினால் அந்த எண் பொய்யாகிவிடும், வேர்ட்பிரஸ் அந்த அமைப்பையே படிக்காது. விட்ஜெட்டுகள், அதாவது தளத்தின் ஓரத்தில் வைத்த சிறு பெட்டிகள், மாயமாகும். கட்டுரைகள் எல்லாம் சரியாக இருப்பதால் என்ன நடந்தது என்றே விளங்காது. கட்டளை தட்டி வேர்ட்பிரஸை நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளையோ, அதற்கென இருக்கும் பிளகினோ அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும்.

2025 ஏப்ரல் 17

வேர்ட்பிரஸ் 6.8 வந்துவிட்டது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையை பிகிரிப்ட் என்ற வலுவான முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த முறை உள்நுழையும்போது தானாக மாறும். இருந்தாலும் நிர்வாகிக்குப் பெயர் "அட்மின்", கடவுச்சொல் இதழின் பெயர் என்று வைத்திருப்பவரை எந்த கிரிப்டும் காப்பாற்றாது. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

2025 மே 11

தேடல் பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார். அது தெரிந்தமட்டும் செய்கிறது. வேர்ட்பிரஸின் தேடல் நீங்கள் தட்டிய எழுத்துகள் அப்படியே எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரங்கள்" எதுவும் அகப்படாது. "மர" என்று தேடினால் அகப்படும், கூடவே "மரபு"ம் "மரணம்"மும் வரும். பழைய எழுத்துருவிலிருந்து என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு மாற்றிய உரை என்றால், ஒகரக் குறி ஒரே குறியாக வந்திருக்கிறதா, கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருக்கிறதா என்று சோதியுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. இதழ்த் தொகுப்புக்கு நான் செய்வது, ஆசிரியர் பெயரையும் பொருளையும் குறிச்சொல்லாகக் கையால் இடுவது. அலுப்பான வேலை. அதைவிட நல்ல வழி எனக்கு அமையவில்லை.

2025 ஜூன் 1

டொமைன் யார் பெயரில் இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குத் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டார். பிறகு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கும் நினைவூட்டல் எல்லாம் அவர் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கிறது. டாட் காம் காலாவதியானால் பதிவாளர் கொடுக்கும் அவகாசம் முடிந்து, அதற்குப் பிறகும் 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்க வழி உண்டு. ஆனால் பெயர் உங்களுடையதாக இருந்தால்தான். கடைக்காரர் இப்போது வேறு பெயரில் இருக்கிறார், பழைய பலகையை இன்னும் மாற்றவில்லை. விலைப்பட்டியலும் கைபேசி எண்ணும் மட்டும் இருந்த தளம் அது. அதற்கு வேர்ட்பிரஸே தேவையில்லை, தரவுத்தளமே இல்லாமல் பக்கங்களைக் கட்டித்தரும் ஹியூகோவில் நாலு பக்கம் போதும். டொமைன் மட்டும் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 13

முதல் கேள்வி கேட்டவர் தன் பேக்கப்பை வீட்டுக் கணினியில் எழுப்பிவிட்டார். கட்டுரைகள் வந்துவிட்டன, அட்டைப்படங்கள் பாதி வரவில்லையாம். வராத படங்களின் பட்டியலைப் பாருங்கள், கோப்புப் பெயர் தமிழில் இருப்பவையாகத்தான் இருக்கும். ஜிப்பை விரிக்கும்போது சில கணினிகளில் தமிழ்ப் பெயர் சிதைந்துவிடும், தரவுத்தளம் பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருக்கும். இப்போதைக்கு வேறு மென்பொருளில் விரித்துப் பாருங்கள், செவன்-ஜிப்பில் பெரும்பாலும் சரியாக வரும். இனி ஏற்றும் படங்களுக்கு இதழ் எண்ணையும் பக்க எண்ணையும் ஆங்கில எழுத்தில் பெயராக வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மீடியா நூலகத்தில் தலைப்பை மாற்றினாலும் கோப்பின் பெயர் மாறாது.